இடுப்பு வலி: இல்லை

அன்புள்ள எக்ஸ்பிரஸுக்கு,

உன் வார்டின் தலைமை நர்ஸ் அக்கா எழுதுகிறேன். எக்ஸ்பிரஸ், நீ வார்டில் நடக்கிற வேகத்துக்கு நான் வைத்த பெயர். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய் என்று உன் அண்ணி போனில் சொன்னார். இந்தப் பெயரை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறெப்படியும் கூப்பிட எனக்கு வரவில்லை.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய். எட்டாம் கட்டில் பெரியவர், "அந்தப் பொண்ணு எங்கம்மா? நீங்க தூக்கினா மூட்டை தூக்குற மாதிரி இருக்கு" என்று தினமும் என் மானத்தை வாங்குகிறார். நர்சுகளின் ஓய்வறையில் இன்னமும் குளுக்கோஸ் பெட்டிகள்தான் ஓய்வெடுக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். மாதாமாதம் ஊழியர் நலப் படிவம் கொடுப்பார்களே, தூக்கம் உண்டா, வலி உண்டா என்று. கடைசியாகக் கொடுத்ததில் நீ, "இடுப்பு வலி உண்டு. ஆள் இல்லாததால் நோயாளிகளைத் தனியாகத் தூக்குகிறேன்" என்று எழுதினாய். மறுநாள் மேலதிகாரிகள் வார்டை ஆய்வு செய்ய வருவதாக இருந்தது. நான் புதுப் படிவத்தை நீட்டி, "இல்லன்னு எழுதிக் குடும்மா, ஆய்வு முடிஞ்சதும் ஆள் கேட்டு வாங்கறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாய். நம் வார்டுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கிடைத்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல் நான் ஆள் கேட்கவே இல்லை.

இருபது நாளில் ஒரு காலை உன்னால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இப்போது உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டு நீ அனுப்பிய மனுவைத் தள்ளிவிட்டார்கள். வீட்டில் வந்த வலியாம், வேலையால் வந்ததில்லையாம். வலி இல்லை என்று நீ எழுதிக் கொடுத்த படிவத்தையே சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

உன் முதல் படிவம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கிழிக்க மனம் வரவில்லை. நேற்று அதைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். "உங்க வேலைக்கே ஆபத்தும்மா" என்றார். தெரியும் என்றேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுவிசாரணை. அண்ணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடு.

மாற்றி எழுதச் சொன்னது யார் என்று உன்னைக் கேட்பார்கள். உன் குணம் எனக்குத் தெரியும். அக்கா பாவம், ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்று பழியை உன் தலையில் போட்டுக்கொள்வாய். வேண்டாம் அம்மா. நான் சொல்லி நீ எதையும் மறுத்ததில்லை. இதையும் மறுக்காமல், அவர்கள் முன்னால் என் பெயரைச் சொல்லிவிடு.

நீ நிமிர்ந்து நடந்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா