பல்லால் அறுத்த சணல்

பிராங்க்பர்ட்,
17.3.1982

மட்டாஞ்சேரியில் சுமைப்பணி செய்யும் என் கணவர் திரு. ராக்கப்பன் அவர்களின் சமூகத்திற்கு,

ஆவுடையம்மாள் வணக்கத்துடன் வரைவது. வாயால் சொல்லாத தங்கள் பெயரைக் கையால் எழுதியதைப் பொறுத்தருளவும். உயிரோடும் உடைமைகளோடும் வந்து சேர்ந்தேன். இதை அடுத்த வீட்டு அம்மிணியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். அவள் வாசித்தால் சாயங்காலத்துக்குள் தோப்பும்படி வரை செய்தி போய்விடும். எழுத்துக்கூட்டித் தாங்களே வாசிக்கவும். விருதுநகர் மிளகாய்ச் சாக்குகளில் அச்சடித்திருந்ததைப் பார்த்தே நான் எழுத்துக் கற்றேன். தங்களால் முடியாததல்ல.

நான் புறப்பட்ட அன்று லோடு இருக்கிறது என்று சொல்லி விமான நிலையத்துக்கு வராமல் இருந்தீர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சரக்குக் கிட்டங்கி பூட்டிக் கிடந்ததை வழியில் நானே கண்டேன். இச்சீமைக்கு வந்து இங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக நான்கு வருடமாக மகளின் பெயரையே உச்சரிக்காதவர், அவளுடைய பிரசவத்துக்குப் போகிறவளை வழியனுப்ப வரமாட்டார் என்று அறிவேன். பிறக்கும் குழந்தையைப் புதுத் துணியில் ஏந்தலாகாது, தாத்தா உடுத்திப் பழகிய வேட்டியில் ஏந்துவதே நம் வழக்கம் என்று நான் கேட்டபோது, "சீமையில துணிக்கா பஞ்சம்? என் முண்டு அங்க போவண்டாம்" என்றீர்கள். அதன்பின் நான் கேட்கவில்லை.

பிரசவ மருந்துப் பொதியைக் கிட்டங்கியில் சாக்கு தைக்கும் முறையிலேயே முந்தின நாள் தைத்து முடித்திருந்தேன். ஏழு தையல், இரட்டை முடிச்சு, நூல் நுனியைக் கத்தியால் நறுக்கி உள்ளே செருகுதல். வேறு கை பட்டால் தெரிந்துவிடும். ஊரார் கையை நம்பி அனுப்பும் சாக்கையே அப்படித் தைக்கிறோம், லேகியத்தை விடுவேனா?

துணைக்கு வந்த ஆலுவா கமலாக்ஷியை முதல் பார்வையிலேயே எனக்குப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் பல் முழுவதும் தெரியச் சிரிக்கிறாள். பம்பாயில் நான் குளியலறைக்குப் போக எழுந்ததும், "சேச்சி, அந்தக் கெட்டு இங்க வைங்கோ, நான் பாத்துக்கறேன். நான் என்ன, தின்னுடுவேனா?" என்று பொதியை வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்து அதுவரை என் மடிப்பக்கம் இருந்த முடிச்சைப் பார்த்தேன். ஒற்றை முடிச்சு. நூலைப் பல்லால் கடித்து அறுத்திருந்தது. நுனி தூரிகைபோல் விரிந்து கிடந்தது. கமலாக்ஷியின் முன்பல்லைப் பார்த்தேன். சணல் அறுக்கத் தகுந்த பல்தான்.

விமானத்தில் இடுப்பில் வார் போட்டுக் கட்டினார்கள். கட்டிப்போட்டுவிட்டு என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டேன். வெள்ளித்தாள் மூடிய சோற்றைக் கமலாக்ஷி உண்டு, அவளுக்கு ஒன்றும் நேராததைக் கண்ட பிறகே நானும் உண்டேன். வழி முழுவதும் பொதியை மடியைவிட்டு இறக்கவில்லை. அவள் தூங்கினாள். குற்றமுள்ளவர்களுக்கும் தூக்கம் வரும் என்று எண்ணிக்கொண்டேன்.

இவ்வூரில் கண்ணாடிக் கதவுகள் ஆள் தொடாமலே திறக்கின்றன. யாரோ மறைந்து நின்று இழுக்கிறார்கள் என்று இரண்டு முறை பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில் சுங்க அதிகாரி என்னைச் சந்தேகித்துவிட்டார். பொதியைப் பிரித்து லேகியத்தை முகர்ந்து முகம் சுளித்தார். பெற்றவளின் வயிற்றுப்புண் ஆறவும் பால் சுரக்கவும் உரிய மருந்து என்று திருத்தமான தமிழில் விளக்கினேன். அவருக்குப் புரியாமற்போகவே ஓர் உருண்டையை அவர் எதிரிலேயே விழுங்கிக் காட்டினேன்.

அதன்பின் அவர் சுக்குக்கும் வசம்புக்கும் அடியிலிருந்து ஒரு துணியை உருவினார். நான் வைத்ததல்ல. எட்டாய் மடித்து நீலம் போட்டு வெளுத்த வேட்டி. ஓரத்தில் பீடிப்பொறி சுட்ட துளை.

தாங்கள் பீடிக்கட்டின் நூலைப் பல்லால் அறுப்பதை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். வலது கட்டைவிரல் கைவண்டியில் நசுங்கிய நாள்முதல் தங்கள் முடிச்சு ஒற்றையாகவே விழும். ஊரெல்லாம் சந்தேகித்தவளுக்கு வீட்டுக்குள் சந்தேகிக்கத் தோன்றவில்லை. புறப்பட்ட அன்று விடியலில் நான் குளிக்கப் போன பொழுதிலா தைத்தீர்கள்?

கமலாக்ஷிக்கு நல்ல சுக்காக இரண்டு எடுத்துக் கொடுத்தேன். காரணம் கூறவில்லை. அவள் சிரித்தாள். அவ்வளவு மோசமான பல் அல்ல.

மகள் நிறைவயிற்றோடு வெளியே காத்திருந்தாள். வேட்டியைப் பார்த்து, "அம்மா, அப்பாதான் தந்தாரா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாமல் வைத்தார் என்றேன். முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "வெளுத்தும் பீடி வாசம் போகல்லியே" என்றாள். மருமகன் பொதியைத் தள்ளுவண்டியில் ஏற்றாமல் தோளில் தூக்கினார். சுமக்கும் முறை தவறு, ஆயினும் தூக்கினார். லேகியத்தையும் தின்று நன்றாக இருக்கிறது என்கிறார். அதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை.

தங்களுக்கு உடுக்க இருந்தவை இரண்டு வேட்டிகள். ஒன்று இங்கே இருக்கிறது. என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் புதியது ஒன்று உள்ளது, எடுத்து உடுக்கவும். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் என்கிறார்கள்.

பதிலைத் தாங்களே எழுத வேண்டும். மருமகன் விலாசம் எழுதிய உறை இத்துடன் உள்ளது. அதன் மேல் என் பெயரை எழுத வேண்டாம். கதவில் இருக்கும் மகளின் பெயருக்குத்தான் இவ்வூர்த் தபால்காரர் கடிதம் கொடுப்பாராம். நான்கு வருடமாக எழுதாத பெயர், கை மறந்திருக்கக்கூடும். ஆகவே பார்த்து எழுதுவதற்காகக் கீழே பெரிய எழுத்தில் எழுதியுள்ளேன். விரல் நோகாமல், நிதானமாக எழுதவும்.

தங்கள் உடல்நலத்தை வேண்டும்,
ஆவுடையம்மாள்

பாக்கியலக்ஷ்மி