நான்காவது டேக்

ஜூன் 13, வெள்ளி

கண்டியில் மு.ப. முழுக்கத் தூறல். கெம்பஸில் தந்த வேலை: ஒரு சிறுகதையின் ஒரு காட்சியைப் படமாக்கி, கதையோடு ஒப்பிட்டு எழுதுவது. இருவர் இருவராக. எனக்கு ஜோடி தர்ஷினி. என் மகளைவிடச் சின்னவள். நாங்கள் எடுத்த கதையில் தோட்ட நிர்வாகம் ஒரு விதவையைத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து வெளியேற்றுகிறது. படம் பிடிக்கத் தர்ஷினியின் லயத்து வீடு, தெல்தோட்டைப் பக்கம். நடிக்க அவள் அம்மா லெட்சுமி. "செலவே இல்ல, அங்கிள்."

வாங்க: பற்றரி, குடை, பிஸ்கட்.

ஜூன் 15, ஞாயிறு

மழை இல்லை. வீட்டுச் சாமான் எல்லாம் முற்றத்தில்: கட்டில், அலுமாரி, சாமிப் படங்கள். வெளியேற்ற வரும் கணக்கப்பிள்ளை வேடத்தில் பக்கத்து வீட்டு ராசு. லயமே வேடிக்கை பார்த்தது.

"ஏய் லெட்சுமி, அந்த ஓட்ட வாளிய உள்ளுக்கே வையி, மானம் போவுது!"

லெட்சுமிக்கு அழுகை வரவில்லை. மூன்று டேக்கிலும் சிரிப்பு.

நான்காவது ஓடும்போது நிஜக் கணக்கப்பிள்ளை வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். போனில் தொரையிடம் (தோட்ட மேனேஜர்) பேசினார். தொரையின் குரல் வெளியே கேட்டது: "பூட்டு." பூட்டினார்.

"ஐயா, இது படம்ங்க," என்றாள் தர்ஷினி.

"தோட்டத்து வேலையிலயும் பேர் இல்ல, வீட்டையும் காலி பண்ணியாச்சு. எனக்குத் தெரியிறது வெறும் வீடு."

கமெராவை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. லெட்சுமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. நிருபர் வேலையில் இத்தனை வருடம். அந்த முகத்துக்கு ஒரு வரி வரவில்லை.

பி.ப. மறுபடி மழை. சாமான் கோயில் மண்டபத்தில். தாயும் மகளும் ராசு வீட்டில்.

ஜூன் 16, திங்கள்

தோட்ட ஆபீஸ். தொரை: "படம்னா காட்டுங்க." மடிக்கணினியில் காட்டினோம். முதல் மூன்று டேக்குக்கும் அவருக்கும் சிரிப்பு. நான்காவதில் தன் குரல் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"இத அழிங்க. சாவி தாறேன்."

நான் வாய் திறக்குமுன் தர்ஷினி அழித்துவிட்டாள்.

"வேற கொப்பி?"

"இல்லிங்க."

உண்மைதான். வேறு இல்லை.

பஸ்ஸில் நான்: "அது செய்தி, தர்ஷினி. பத்திரிகைக்குப் போக வேண்டியது."

"அழிக்காட்டி எங்கம்மா எங்க போயிருக்கும், அங்கிள்?"



ஜூன் 21, சனி

வகுப்பு. மூன்றாவது டேக்கைக் கொடுத்தோம். விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துப் பெண், இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஓம், படம் வடிவா எடுத்திருக்கிறியள். ஆனா வீட்டை விட்டுக் கலைக்கிறாங்கள், மனிசி சிரிக்கிறா. கதையில இருக்கிற அதிர்ச்சி இதில இல்லையே, பிள்ளை?"

"சரி, மிஸ்," என்றாள் தர்ஷினி.

நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே, மரத்தடியில், வாரம் முழுக்க விடுதியில் இருந்த தர்ஷினி ராசு வீட்டுக்குப் போன் எடுத்தாள். ராசுவின் மனைவி பேசினார்.

"அம்மா எங்கக்கா?"

"ஒங்க வீட்டு உள்ளுக்குத்தான். சாவி கெடச்சதுலேருந்து வாசலத் தாண்டலயே, புள்ள. தண்ணிகூட நான்தான் புடிச்சிக் குடுக்கிறேன்."