தீபத்துக்கு வரும் நத்தைகள்

கார்த்திகை, வெள்ளி இரவு

மழை விட்டும் நத்தைகள் வருவது நிற்கவில்லை. சாயங்காலம் நான் தீபத்துக்காக அகல்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பாப்பா தவழ்ந்து போய் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டாள். வாய்க்குப் போவதற்குள் பிடுங்கினேன். குளியலறைக் குழாயைச் சுற்றி சிமெண்ட் பெயர்ந்திருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் வருகின்றன.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “உன் வூட்டுக்காரர் வர்றதுக்குள்ள நத்தைங்க குடித்தனமே வந்துடும் போலருக்கே!” என்று சிரித்தார்.

பெங்களூரில் வேலையில் இருக்கும் அவருக்குப் போன் செய்தேன். “கொத்தனாரைக் கூப்ட்டு பூசிடும்மா,” என்றார்.

“தீபத்துக்கு வருவீங்க இல்ல, நீங்களே பூசுங்க.”

“லீவு கேட்டிருக்கேன்,” என்றார். போன தீபத்துக்கும், நான் நிறைமாதமாக இருந்தபோது, இதையேதான் சொன்னார்.

மலைமேல் ஏற்றும் தீபத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனம் இந்த ஊருக்கு வந்து இறங்குகிறது. என் வீட்டுக்கு நத்தைதான் வருகிறது.

பாப்பாவுக்காகச் சந்தில் பழைய துணியைத் திணித்து அடைத்துவிட்டேன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. அதையும் பூசிவிட்டால், வாங்க என்று அவரைக் கூப்பிட வேறு என்ன காரணம் சொல்வேன்?