இன்னும் கொஞ்சம் தள்ளி

ஜூன் 8, திங்கள்

கேரவன் வாசலில் நிற்கிறது. வீட்டுக்கு வெளியே இன்னொரு வீட்டை நிறுத்திவிட்டு, எந்த வீட்டில் காபி போடுவது என்று கேட்கிறார் இவர். நண்பருடைய வண்டி. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, சரிப்பட்டால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை வைத்தேன்: ஒரு ராத்திரியாவது அதில் நான் முழுசாகத் தூங்க வேண்டும். வீட்டுக் கட்டிலிலேயே இரண்டு வருடமாகத் தூக்கம் பிடிக்காதவள். டாக்டர் வயசு என்றார், அக்கா செல்போன் என்றாள். தணிக்கைப் பிரிவில் இத்தனை காலம் குப்பை கொட்டியதில் கற்ற வித்தை இதுதான். மறுக்கவே கூடாது, நிபந்தனை போட்டால் போதும்.

இவர் முகமெல்லாம் பல். "அவ்வளவுதானா?"

ஜூன் 10, புதன்

டைல்ஸ் கான்ட்ராக்டரைக் கட்டிக்கொண்டவள் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். எங்கே நின்றாலும் இவர் பையிலிருந்து முதலில் வெளியே வருவது, தரை சமமா என்று குமிழி காட்டும் ரசமட்டம். நேற்று ஏரிக்கரையில் அதைக் கட்டிலடித் தரையில் வைத்து, மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். குமிழி ஒரு நூல் வலப்பக்கம்.

"வாட்டம் இருக்கு. நீ தூங்க மாட்டே."

"மட்டமான தரையிலயும் நான் தூங்க மாட்டேங்க."

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கலாம்."

தள்ளிப் போன இடத்தில் தவளைகள் கச்சேரி. அதற்கும் தள்ளி, தெருவிளக்கு நேராகத் தலையணை மேல். அதற்கும் தள்ளி ஒரு நாய், தன் பாட்டுக்குப் படுத்திருந்தது. "பேசாமத்தானே கிடக்கு," என்றேன். "இது இப்ப பேசாது. நாம படுத்ததும் பேசும். மூஞ்சியப் பாரு."

கடைசியில் பூட்டிய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். குமிழி நட்டநடுவில். கும்மிருட்டு. ஈ காக்கை இல்லை. தலை சாய்த்த மறு நொடி குறட்டை விட்டார். நான் ஃபிரிட்ஜின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஜூன் 11, வியாழன்

தூங்கவில்லை. அதே மைதானம், குமிழி நடுவில்தான் இருந்தது.

ஜூன் 12, வெள்ளி

ஹாஸ்டலிலிருந்து மகள் பேசினாள். "ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிறீங்களா?"

"அப்பா இடம் தேடுறாரு. நான் குறை சொல்றேன்."

"அப்ப வீட்ல இருக்கற மாதிரியேதான்."

சிரித்தேன். ஆனால் அதற்குள் இங்கே சண்டை முடிந்திருந்தது. நேற்று ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டினார். சத்தம் வரக்கூடாதென்று ஃபிரிட்ஜை அணைத்துவிட்டார். காலையில் பால் திரிந்திருந்தது. நான் கண்ணைத் திறக்கக்கூட இல்லை, "தூங்குனியா?" என்கிறார் — பரீட்சை ரிசல்ட் கேட்பது போல.

எனக்கு வந்ததே கோபம். தூங்குனியா தூங்குனியான்னு உயிரை எடுத்தா தூக்கம் எங்கேருந்து வரும்? "வண்டியத் திருப்பிக் குடுத்துருங்க," என்று கத்திவிட்டேன்.

"சரி," என்றார். துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். அழுக்கே இல்லாத ஸ்டியரிங்கை.

இதைத்தானே கேட்டேன்? அந்தச் 'சரி' ஏன் இப்படி உறுத்துகிறது?

ஜூன் 14, ஞாயிறு

நேற்று வீட்டுப் பக்கம் திரும்பினோம். இன்னும் ஒரு ராத்திரி பாக்கி. பொழுது சாயும்போது ஒரு தோப்பு வந்தது. நான் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"இது பரவாயில்லையா?"

"பூச்சி வரும்."

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கலாம்," என்றார். அதுதான் கடைசியாகக் கேட்டது.

கண் திறந்தால் பளீரென்று வெயில். பெட்ரோல் பங்க். சீட் சாய்க்கப்பட்டிருந்தது. கழுத்துக்கடியில் அந்தத் துண்டு, மடித்து. வெளியே டீசல் அடிக்கும் பெண் இவரிடம், "அக்கா எந்திரிச்சிட்டாங்களா அண்ணே?" என்றாள். பிறகு என்னிடம், "ராத்திரி பூரா இப்படியும் அப்படியும் போய்க்கிட்டே இருந்தாருக்கா. வழி தப்பிட்டீங்களான்னு கேட்டா, உஸ்ஸுங்கறாரு."

இவர் கண்கள் மிளகாய்ப் பழம்.

"என்னங்க இது?"

"ரெண்டு மூணு எடத்துல நிறுத்திப் பாத்தேம்மா. நிறுத்துன உடனே முனகுறே. எடுத்தா தூங்கிப் போறே. நான் என்ன பண்றது?" பிறகு, சொத்து போனவர் குரலில்: "நடுவுல ஒரு எடம் வந்துச்சு. ரசமட்டம் வெக்காமலே தெரியுது, அப்படி ஒரு மட்டம். விட்டுட்டேன்."

அதற்கு மேல் அவரால் ஓட்ட முடியவில்லை. பங்க்குக்கு அடுத்த பஞ்சர் கடை ஓரமாக, சரிவில், வண்டி எப்படி நின்றதோ அப்படியே விட்டுவிட்டு, செருப்போடு போய் விழுந்தார். சரிவில் நழுவி அலமாரியோடு ஒட்டி, சாய்த்து வைத்த மூட்டை மாதிரி தூங்கினார். நான் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒளிந்துகொண்டது.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. இறங்கி ஓடினேன்.

"ஹாரன் அடிக்காதீங்க. ஆள் தூங்குறாங்க."

டிரைவர் எட்டிப் பார்த்தார். டயர், கிரீஸ், சம்மட்டி சத்தம். "இங்கயா?"

"ஏன், இந்த எடத்துக்கு என்ன குறை?" என்றேன்.

ஜூன் 16, செவ்வாய்

வண்டியை எடுத்துப்போக நண்பர் வந்தார். இவர் சாவியை நீட்டியபடியே, "அவளுக்குச் சரிப்பட்டு வரலப்பா," என்றார். "நிறுத்துன எடத்துல ஒரு நாளும் தூங்கல." நான் தூங்கிய ராத்திரியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தான் ஆசைப்பட்ட வண்டி கைவிட்டுப் போகும்போதுகூட என் பக்கம் பேசுகிற மனுஷன்.

நண்பர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அவ்வளவு தூரத்துல ஒரு நல்ல எடம்கூடவா கெடைக்கல?"

"கெடைக்கலண்ணே," என்றேன். இவர் கையிலிருந்த சாவியை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கணும்."