எந்தப் போல்டர்ல நின்னு ஓடுது

செவ்வாய், காலை

விடிஞ்சதுலேருந்து தூறல். மரத்தூள் ஈரத்துல அப்பிக்கிட்டு பட்டறை பூரா நசநசன்னு. பெருக்குனேன், பாதிதான்.

அண்ணன் செதுக்குற மெஷினை ஓட விட்டுட்டு மரம் பாக்க சிங்கம்புணரி போயாச்சு. நாளைக்குத்தான் வருவாக. ஓடுறது கொத்தமங்கலம் ஆச்சி வீட்டுப் பலகை. வாசல் நிலைக்கு மேல வர்றது. நடுவுல, தும்பிக்கையில குடம் ஏந்துன யானைகளோட கஜலட்சுமி, சுத்திக் கொடி. ஆச்சி கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது: "பர்மாத் தேக்கு, எங்க அப்பச்சி காலத்துப் பலகை. இதுமாதிரி வேற கெடைக்காது. பாத்துச் செய்யி ஆத்தா."

வாங்க: பால், கடுகு, மெஷினுக்கு எண்ணெய்.

வேற எதையோ தேடப்போயி இது கண்ணுல பட்டுச்சு. கம்ப்யூட்டர்ல 'மூனா ரூனா'ன்னு ரெண்டு போல்டர், வேற வேற இடத்துல. ஒண்ணு ஆச்சி வீடு. இன்னொண்ணு அவுக கொழுந்தன் வீடு. அடுப்பு பிரிஞ்சாலும் விலாசம், அதான் குடும்ப இனிஷியல், ஒண்ணுதானே. அண்ணன் எந்த வேலைக்கும் அந்த வீட்டு விலாசத்தைத்தான் பேரா வைப்பாக. கேட்டா, "செட்டியார் வீட்டை வேற எப்படித்தா சொல்றது?"

கொழுந்தன் வீட்டுப் பலகைக்கு நடுவுல மயில். கொடி மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணு. ஒரு பலகைக்கு மூணு பைல்: பாகம் 1, 2 கொடி, பாகம் 3 நடு உருவம். ரெண்டு போல்டர்லயும் அதே பேருக. புரோகிராம் எதுல நின்னு ஓடுதோ அதுல இருக்குற பாகம் 3-ஐத்தான் எடுக்கும். நிறுத்தவும் முடியாது. பழைய மெஷின், நடுவுல நிறுத்துனா விட்ட இடம் மறந்துரும்.

போன்ல அண்ணன்: "சரியாத்தான் ஓட்டி விட்டேன். நொய்நொய்ங்காத."

நம்பலை.

செவ்வாய், மத்தியானம்

எந்த போல்டர்னு கேக்குற pwd கமாண்டை அடிச்சேன். ச்சே, புத்தி! அது நான் நிக்கிற இடத்தைத்தான் சொல்லும். புரோகிராம் எங்க சேமிச்சிருக்குன்னு பாத்தேன். அதுவும் பிரயோசனமில்லை. காரைக்குடிக்காரன்னா எந்நேரமும் காரைக்குடியிலயேவா நிப்பான்?

லினக்ஸ்தானே, கேட்டாச் சொல்லும். ஓடுற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். /proc-க்குள்ள அந்த நம்பர், அதுக்குள்ள cwd, அதான் அது நிக்கிற போல்டர். அது எங்குட்டுக் கைகாட்டுதுன்னு படிச்சாப் போதும். நாலு வரி பைத்தான். ஓட்டுனா, 'அனுமதி இல்லை'. அண்ணன் அதை அட்மினா ஓட்டி விட்டிருக்காக.

மறுபடி போன். "பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணே."

"நாளைக்கு வந்து போடுறேன்."

"நீக வர்றதுக்குள்ள மயில் வந்துரும்."

"பக்கத்துல ஆளு நிக்கிறாக. மெசேஜ் போடுறேன்."

வந்துச்சு. பாஸ்வேர்டு யாரோ ஒரு பொண்ணு பேரு. மதினி பேரு இல்லை. அடேயப்பா! அதை அப்புறம் வச்சுக்கிறேன்.

ஓட்டுனேன். ஒரே வரி பதில். கொழுந்தன் வீட்டு போல்டர்.

நான் நெனச்சது சரி. பாகம் 2 இன்னும் ஓடுது. அந்த போல்டர்ல மயிலுக்கு வேற பேரு குடுத்து ஒதுக்கிட்டு, கஜலட்சுமி பைலை அங்க பாகம் 3-ன்னு வச்சேன். அந்த நேரம் வந்தாத்தான் புரோகிராம் அதைத் திறக்கும். அந்த புரோகிராமை எழுதுனதே நான், எனக்குத் தெரியாதா?

சாப்பாடு ரெண்டு வாயி.

புதன்

மழை விட்டிருக்கு. அண்ணன் மொத பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டாக. காப்பி வேணாமாம்.

பாகம் 2 முடிஞ்சு மெஷினோட செதுக்குற ஊசி மேல போயி நின்னுச்சு.

அண்ணன்: "மயில் வந்துச்சுன்னா ஆச்சிக்கு நீதான் பதில் சொல்லணும்."

"நானே சொல்றேன். வராது."

ஊசி எறங்குச்சு. தூளு பறக்க மேலாப்புல ஒரு வளைவு. மயில் கழுத்தும் அப்படித்தான் இருக்கும், தும்பிக்கையும் அப்படித்தான் இருக்கும். அண்ணன் குனிஞ்சு ஊதுனாக.

வளைவு நுனியில சின்னதா ஒரு குடம்.

அண்ணன் அங்குட்டுத் திரும்பி மூக்கைச் சிந்துறாக. தூளு போயிருச்சாம்.