இரண்டு துண்டு மீன்

லெஸ்லி,

காலை ஐந்தரை பஸ்ஸில் நாலந்தாவுக்கு, உன் சித்தி வீட்டுக்குப் போகிறேன். சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. பருப்பு ஆக்கி மூடி வைத்திருக்கிறேன். உனக்கும் மருமகள் ஷெரோமிக்கும் போதும்.

ஞாயிறன்று பாரை மீன் இரண்டு துண்டு மட்டும் பொரித்தீர்கள். என் வெறும் தட்டைப் பார்த்துச் சிரித்தாய். "வயசு போன ஆளுக்கு எதுக்கும்மா மீன்? பருப்பு போதுமே." அந்த மீனும், அதைப் பொரித்த காஸும், நீ பார்க்கும் டிவியும் என் டீச்சர் பென்ஷனில் வந்தவை. இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. இன்று சொல்கிறேன்.

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒரு தடவை கிராம சேவகரிடம் போய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணம் நின்றுவிடும். நாளையோடு தவணை முடிகிறது. நான் போகப்போவதில்லை. சித்தி வீட்டில் பருப்பு இருக்கிறது. எனக்கு அது போதும் என்று நீதானே சொன்னாய்.

பிரஷர் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டேன். கூப்பிட வராதே.

அம்மா

மறந்துவிட்டேன். என்னைக் காணவில்லை என்று கிராம சேவகர் வீட்டுக்கே வரக்கூடும். நல்ல மனிதர். வாசலில் நின்றபடியே உன்னிடம் கேட்பார்:

"டீச்சர் உயிரோடதானே இருக்காங்க, தம்பி?"