அரை மணி நேரமாக நடமாட்டம் இல்லை

சுவிட்சைத் தொடாமலே விளக்குப் போட்ட என் அருமை அப்பாவுக்கு,

நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடியவில்லை. இந்த ஒரு வரிக்குள் இரண்டு தடவை போனைப் பார்த்துவிட்டேன். ஆரணி வீட்டில் அம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பது சென்னையில் என் உள்ளங்கையில் தெரிகிறது. தெரிந்தும் மனசு அடங்க மாட்டேன் என்கிறது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. வாசல் மணியில் கேமரா வந்துவிட்டது. பூக்காரம்மா தலையைச் சரிசெய்துகொண்டுதான் மணி அடிக்கிறாராம். நீங்கள் "லைட்டு போடும்மா" என்று மரியாதையாகக் கேட்பீர்களே, அந்தப் பேசும் பெட்டியிடம் அம்மா ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கூடத்துச் சுவரில், தறிக்கு எதிரே நான் மாட்டிய வெள்ளைக் கருவி நினைவிருக்கிறதா? வீட்டு நடமாட்டத்தை என் போனில் காட்டும்; அரை மணி நேரம் யாரும் அசையாவிட்டால் எனக்குச் செய்தி அனுப்பும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இப்போது எல்லாரும் இதைத்தான் வைக்கிறார்கள் என்றார் கடைக்காரர். தறிக்குழியில் உட்கார்ந்து பாவு சேர்க்கிறவரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் முனையோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும்போது உங்கள் விரல் நுனி மட்டும்தானே ஆடும். அந்தக் கருவிக்கு அது தெரியாது.

முதல் தடவை செய்தி வந்ததும் பதறிப்போய்க் கூப்பிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாவு சேர்க்கிறவரைக் கூப்பிடக் கூடாது, இழை வரிசை தப்பிவிடும் என்பது நம் வீட்டுச் சட்டம். விருந்தாளி வந்தால்கூட சைகைதான். அதற்குப் பிறகு செய்தி வந்தால், அப்பா பாவு சேர்க்கிறார் என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவேன்.

அன்று மூன்றரை மணிக்கும் வந்தது. நாலு மணிக்கும் வந்தது. இரண்டையும் தள்ளிவிட்டேன் அப்பா. நாலேகாலுக்கு அம்மா போன் செய்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். ஒரு நொடியில் போன உயிர் என்றார் டாக்டர். எந்த நொடி? மூன்றரைக்கு முன்னாலா, பின்னாலா? பத்து மாதமாக இதையே கேட்டுக்கொண்டு திரிகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் தறியில் அம்மா உட்காருகிறார். செய்தி வந்தால் ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டேன், கூப்பிட்டுவிடுவேன். போன ஞாயிறு ஊருக்குப் போனபோது அம்மா கொதித்துப்போயிருந்தார்.

"நாலு தபா இழை மாறிப்போச்சு. ஏன்டா இப்படி பேஜார் பண்ற? அந்த டப்பாவக் கழட்டி எடுத்துகினு போ."

முக்காலி போட்டு ஏறினேன். கழற்றக் கை வரவில்லை. அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார், தலையில் அடித்துக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். அம்மா நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூணரைக்கு டீ எடுத்துகினு வந்தேன்டா. தலை குனிஞ்சிகினு இருந்தாரு. இழை சேக்கறாருன்னு கூப்புடல. டம்ளர வெச்சிட்டுப் போய்ட்டேன்."

முக்காலியை விட்டு இறங்கினேன். பத்து மாதமாக இதை விழுங்கிக்கொண்டு, அதே இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். பாவி நான், என் பாரம்தான் பெரிதென்று இருந்துவிட்டேன். இரண்டு பேரும் அழுது தீர்த்தோம்.

கருவி சுவரிலேயே இருக்கிறது. நேற்றுச் செய்தி வந்ததும் கூப்பிட்டேன். "இருக்கறன்டா" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டார். திட்டவில்லை.

இனி நம் வீட்டில் பாவு சேர்க்கிறவரைக் கூப்பிடுவோம் அப்பா. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. வரிசை தப்பினால் தப்பட்டும். இழையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்று கூப்பிடத் தவறிய
உங்கள் மகன்